முழங்காலின் பின்னால் நீர்க்கட்டி: கட்டியை விட்டுவிட்டு மூட்டைக் கேளுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு வயது 58. வலது முழங்காலின் பின்பக்கம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம், ஆறு மாதமாக இருக்கிறது. படி இறங்கும்போது வலிக்கிறது. கீழே உட்கார்ந்து எழுந்தால் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. ஸ்கேனில் ‘பேக்கர் நீர்க்கட்டி’ என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். இன்னொருவர் ஊசி வைத்து நீரை எடுத்துவிடலாம் என்றார். வீட்டில் இருப்பவர்கள் ஆபரேஷன் செய்து வேரோடு எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று அம்மா தூக்கமில்லாமல் கிடக்கிறார்.

நான் எலும்பு மூட்டு மருத்துவன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கட்டியோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கேட்கிற முதல் கேள்வி ‘கட்டியை எப்படி எடுப்பது’ என்பதுதான். கேட்க வேண்டியது வேறு: ‘இந்த மூட்டு ஏன் இவ்வளவு நீர் சுரக்கிறது?’ இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கட்டியை என்ன செய்வது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் அம்மாவின் பயம். பேக்கர் நீர்க்கட்டி புற்றுநோய் இல்லை. அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. சொல்லப்போனால் அது புதிதாக முளைத்த கட்டியே இல்லை. எல்லோருடைய முழங்காலுக்குப் பின்னாலும் இருக்கிற ஒரு சின்னப் பை, நீர் நிறைந்து புடைத்திருக்கிறது, அவ்வளவுதான். முழுக்க நீர் நிறைந்த பை, வழக்கமான இடத்தில், மூட்டோடு சேர்கிற ஒரு கழுத்தோடு இருப்பதாக ஸ்கேன் சொன்னால் இந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது. இன்று இரவே அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பை எதற்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி விஷயம் எளிதாகிவிடும். முழங்கால் மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அது கொழகொழப்பான ஒரு நீரைச் சுரந்துகொண்டே இருக்கும். நல்ல மூட்டில் அந்த நீர் ஒரு தேக்கரண்டி கூடத் தேறாது, மூன்று நான்கு மில்லிதான். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. வழுக்கிக்கொண்டு அசைவதற்கும் ஊட்டத்துக்கும் அது இந்த நீரைத்தான் நம்பியிருக்கிறது. உள்ளே ஏதாவது உறுத்தினால், அது தேய்மானமோ கிழிசலோ வாதமோ எதுவாக இருந்தாலும், சவ்வு எரிச்சலடைந்து அளவுக்கு மீறிச் சுரக்கும். ‘மூட்டில் நீர் கோத்துக்கொண்டது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

கோத்துக்கொண்ட நீருக்கு ஒரு போக்கிடம் வேண்டும். முழங்காலின் பின்குழியில், உட்பக்கமாக, ஆடுசதையின் ஒரு தலையும் தொடையின் பின்தசையிலிருந்து இறங்கும் ஒரு தசைநாணும் உரசிக்கொள்கிற இடத்தில், உராய்வைக் குறைப்பதற்காக ஒரு பை இருக்கிறது. பெரியவர்களில் நிறையப் பேருக்கு இந்தப் பைக்கும் மூட்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பிளவு திறந்திருக்கும். காலை மடக்கி நீட்டும்போது மூட்டுக்குள் அழுத்தம் ஏறி, நீர் அந்தப் பிளவு வழியாகப் பைக்குள் தள்ளப்படுகிறது. காலை நீட்டியதும் இரண்டு பக்கத்துத் தசைநாண்களும் நெருங்கிப் பிளவை இறுக்கிவிடுவதால் நீர் திரும்ப வர முடிவதில்லை. சைக்கிள் டியூபின் வால்வைப் போல ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு அது. பைக்குள் சிக்கிய நீரில் தண்ணீர்ப் பங்கு மெல்ல உறிஞ்சப்பட, மிச்சம் இருப்பது கெட்டியாகிக் கூழாகிறது.

இதை அம்மாவின் காலிலேயே நீங்கள் பார்க்கலாம். அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிக் காலை நேராக நீட்டிவைத்து வீக்கத்தைத் தொடுங்கள். காற்றடைத்த பந்து மாதிரி விறைப்பாக இருக்கும். ஒரு கையைக் கட்டியின் மேலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கணுக்காலைப் பிடித்து முழங்காலைப் பாதியளவு மடக்குங்கள். விரலுக்கடியில் அது தளர்ந்து போவது தெரியும். சில சமயம் காணாமலே போய்விடும். காலை நீட்டினால் மறுபடி விறைக்கும். படுக்கையருகில் செய்கிற இந்த எளிய சோதனை பல நேரம் பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும். நீட்டினாலும் மடக்கினாலும் ஒரே மாதிரி கல்லாக இருக்கிற கட்டி வேறு வகை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கட்டிக்கு இந்தப் பெயர் வந்தது வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற ஆங்கில அறுவை மருத்துவரால். டப்ளினைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் 1840-லேயே இதைக் கவனித்து எழுதியிருந்தாலும், 1877-ல் பேக்கர் எழுதிய கட்டுரைதான் நிலைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கட்டுரையின் தலைப்பு. காலில் இப்படி நீர்ப்பைகள் உருவாவதை ‘முழங்கால் மூட்டின் நோயோடு தொடர்புபடுத்தி’ என்று அவர் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். எக்ஸ்ரே வருவதற்கு முந்தைய காலத்திலேயே அவர் இதைப் பிடித்துவிட்டார். இன்று எம்.ஆர்.ஐ. படம் கையில் இருக்கும்போதும் நாம் கட்டியின் நீள அகலத்தை மட்டும் படித்துவிட்டு மூட்டைப் பற்றிய வரிகளைத் தாண்டிப் போகிறோம்.

நானும் அப்படித் தாண்டியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் ஆசிரியர் இதே கட்டியோடு வந்தார். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே பருமனான ஊசியைச் செலுத்தினேன். மெல்லிய ஊசியில் அது வராது. சிரிஞ்சை இழுக்க இழுக்க, தேன் நிறத்தில், நூல் போலத் தொடர்ந்து வந்தது. இருபது மில்லி எடுத்திருப்பேன். ஊசியை வெளியே எடுத்தபோது கட்டி அமுங்கியிருந்தது, அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. மறுபடி எடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது, “டாக்டர், வருஷம் முழுக்க இப்படியே எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கட்டியை விட்டுவிட்டு முழங்காலின் முன்பக்கத்துக்கு வந்தேன். காலை நன்றாக மடக்கி உட்பக்க மூட்டு இடுக்கில் விரலை வைத்து அழுத்தியதும் துள்ளிவிட்டார். எம்.ஆர்.ஐ.யில் உட்பக்கத்து மெனிஸ்கஸ், அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது, நாம் பேச்சில் ஜவ்வு என்று சொல்வது, பின்பகுதியில் கிழிந்து ஒரு மடல் மூட்டுக்குள் புரண்டு கிடந்தது. அவருக்குக் கால் அவ்வப்போது நடுவழியில் பூட்டிக்கொள்ளும் என்பதையும் அன்றுதான் நான் கேட்டேன், அவர் சொன்னார். நுண்துளை அறுவையில் அந்த மடலைச் சரிசெய்தோம். கட்டியைத் தொடவே இல்லை. நான்கு மாதத்தில் அது தானாக வற்றிவிட்டது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காததால் அந்த மனிதர் இரண்டு முறை வீணாக ஊசிக் குத்து வாங்கினார். அன்றிலிருந்து எவருடைய காலிலும் கட்டியை நான் கடைசியாகத்தான் தொடுகிறேன்.

குழாய் ஒழுகிப் புழக்கடையில் தண்ணீர் தேங்கினால், குழாயை அடைக்காமல் வாளி வாளியாக இறைத்துக் கொட்டிப் பயனில்லை. நீரை எடுத்துவிடலாம் என்ற மருத்துவரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற மருத்துவரும் உங்களிடம் சொல்லாமல் விட்டது குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதைத்தான்.

அம்மாவின் வயதில் பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கும். படி ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு அடி பிடித்துக்கொள்ளும் என்பவை அதற்குப் பொருந்துகிற அறிகுறிகள். தேய்மானத்தோடு ஜவ்விலும் கிழிசல் இருக்கலாம். காலையில் எழுந்ததும் அரைமணி, முக்கால் மணி நேரம் விறைப்பு நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும், அதற்கு ரத்தப் பரிசோதனை தேவை. யூரிக் அமிலத்தால் வரும் கௌட்டும் இப்படி நீர் சுரக்கவைக்கும். ஆகவே நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே ஒன்று கட்டாயம் வேண்டும். படுத்துக்கொண்டு எடுத்தால் உடல் எடை மூட்டின் மேல் விழாது, தேய்ந்த மூட்டும் இடைவெளியோடு நல்லபடியாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. கால் பூட்டிக்கொள்கிறது, அடிபட்ட பிறகு வந்தது, சொன்ன வைத்தியத்துக்கு அசையவில்லை, அல்ட்ராசவுண்டில் உள்ளே வெறும் நீராகத் தெரியவில்லை என்றால் எடுக்கலாம்.

இனி வைத்தியம். வலியே இல்லாமல், வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுத்தபோது தெரிந்த கட்டி என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம், அது சோம்பேறித்தனம் ஆகாது. ஆனால் அம்மாவுக்கு வலி இருக்கிறது. எனவே ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்பதைக் ‘கட்டியை ஒன்றும் செய்ய வேண்டாம், மூட்டுக்குச் செய்யுங்கள்’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மூட்டுக்குச் செய்வதில் முதலிடம் தொடைத் தசைக்கு. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்தசை. வலிக்கிறது என்று நடையைக் குறைத்தால் சில வாரங்களிலேயே அந்தத் தசை இளைக்கும், மூட்டின் மேல் சுமை கூடும், இன்னும் நீர் சுரக்கும். இந்தச் சுழலை உடைக்கிற பயிற்சிக்கு ஒரு துண்டு போதும். அம்மா மல்லாந்து படுத்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும். முழங்காலால் துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி, தொடை கெட்டியாவதைக் கையால் தொட்டு உறுதிசெய்துகொண்டு, ஐந்து வரை எண்ணித் தளர்த்த வேண்டும். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. பத்து நாளில் இது சுலபமானதும், முழங்காலை மடக்காமல் காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கிப் பிடிக்கும் பயிற்சிக்குப் போகலாம். அதன் பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முழங்கால் கூடுதலாக வீங்கியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஒரு பிசியோதெரபிஸ்ட் இரண்டு மூன்று தடவை பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்திக்கொடுத்தால் நல்லது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவார். நான் பார்த்தவர்களில் பயிற்சியால் பலனில்லை என்று வந்து சொன்னவர்கள் அநேகமாக மூன்று வாரத்தைத் தாண்டாதவர்கள்.

எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது அடுத்தது. நடக்கும்போது முழங்கால் தாங்குவது உடல் எடையை மட்டும் இல்லை, அதன் பல மடங்கை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் சுமார் நாலு கிலோ சுமை குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தவருக்கு ஓர் அடிக்கு இருபது கிலோ. நாளெல்லாம் எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

குத்தவைத்து உட்காருவது, முழங்காலை முழுக்க மடக்கித் தரையில் அமர்வது, மண்டியிடுவது, இவற்றைக் கட்டி அமுங்கும் வரை தவிர்க்கச் சொல்லுங்கள். நடக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சமதளத்தில் நடக்கட்டும். நீச்சல் தெரிந்தால் நீந்தட்டும். வீக்கம் கூடிய நாளில் துணியில் சுற்றிய ஐஸை பதினைந்து நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும். வலிக்கு முதலில் மேலே பூசும் களிம்பு. மாத்திரை தேவைப்பட்டால் குறைந்த நாட்களுக்கு, மருத்துவரைக் கேட்டு. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய், ரத்தம் உறையாமலிருக்க மருந்து என்று இவற்றில் எது இருந்தாலும் வலி மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. கட்டியை அமுக்குவதாக நினைத்துப் பின்குழியில் இறுக்கமாகக் கட்டுப்போட வேண்டாம். காலின் முக்கியமான ரத்தக்குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன.

ஊசி எப்போது? கட்டி பெரிதாகிக் காலை மடக்கவே விடவில்லை, வலியால் பயிற்சியே தொடங்க முடியவில்லை என்றால் நீரை எடுத்து ஸ்டீராய்டு மருந்து செலுத்துவது நல்ல வழிதான். அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். மருந்தைக் கட்டிக்குள்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. மூட்டுக்கும் பைக்கும் வழி இருப்பதால், மூட்டுக்குள் போட்டாலே பலருக்குக் கட்டி சுருங்குகிறது. எரிச்சலடைந்திருப்பது மூட்டின் சவ்வு என்பதால் எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. கிடைக்கிற நிவாரணம் சில வாரங்களோ சில மாதங்களோ நீடிக்கும், அந்த இடைவெளியில் தொடைத் தசையைத் தேற்றிக்கொள்ள வேண்டும். ஊசி போட்டாயிற்று, சரியாகிவிட்டது என்று உட்கார்ந்துவிட்டால் கட்டி திரும்ப வரும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், அந்த நாட்களில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். உடலில் எங்காவது கிருமித்தொற்று இருக்கும்போது இந்த ஊசி கூடாது. அடிக்கடி போடுவதும் கூடாது, குருத்தெலும்புக்கு அது நல்லதில்லை.

ஆபரேஷன். வீட்டில் இருப்பவர்கள் சொல்கிற ‘வேரோடு எடுப்பது’ இந்தக் கட்டிக்குப் பொருந்தாது, ஏனென்றால் வேர் மூட்டுக்குள் இருக்கிறது. மூட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் கீறிப் பையை மட்டும் அகற்றினால், நீர் சுரப்பது நிற்காததால் மறுபடி வந்துவிடும் வாய்ப்பு நிறைய. முழங்காலின் பின்குழி எளிதான இடமும் இல்லை, காலுக்குப் போகும் பெரிய தமனியும் நரம்பும் கட்டிக்குப் பக்கத்திலேயே போகின்றன. அறுவை அவசியமானால் இன்று பலர் செய்வது, நுண்துளை வழியாக மூட்டுக்குள் போய் உள்ளே இருக்கும் கோளாறைப் பார்த்துவிட்டு, அந்த ஒருவழிக் கதவை அகலப்படுத்தி இருவழியாக்கிவிடுவது. பைக்குள் போன நீர் திரும்பி வர முடிந்தால் கட்டி வற்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது, உடனே நுண்துளை அறுவை’ என்று யாராவது சொன்னால், அந்த ஆசிரியரின் கதையை நினைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். அவருடைய கால் பூட்டிக்கொண்டது, மடல் புரண்டு கிடந்தது. வயதும் தேய்மானமும் சேர்ந்து தானாக நைந்த ஜவ்வின் கதை வேறு. அமெரிக்காவில் தேய்மானம் உள்ள 180 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. சிலருக்கு நுண்துளை வழியே மூட்டைச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். வலி குறைந்ததில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு, தேய்மானம் இல்லாமல் ஜவ்வு மட்டும் நைந்திருந்த 146 பேரிடமும் அதையே கண்டது. 58 வயதில், பூட்டிக்கொள்ளாத முழங்காலுக்கு, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்காமல் அறுவைக்குப் போக நான் சம்மதிக்க மாட்டேன். மூட்டு முற்றாகத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிற நிலை வந்தால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் நிறையப் பேருக்குக் கட்டி உடனே மறைவதில்லை, கொஞ்ச காலம் இருந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டி சில சமயம் உடையும். ஒரு நாள் அறுபது கடந்த ஓர் அம்மா வந்தார். முந்தின நாள் எழுந்து நிற்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஏதோ பட்டென்று விட்டுப்போய், ஆடுசதைக்குள் வெந்நீர் இறங்குவது போல இருந்ததாம். ராத்திரிக்குள் ஆடுசதை வீங்கிச் சிவந்து தொட முடியாத வலி. பார்த்தால் காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்துபோனது போலவே இருக்கும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். நாளங்கள் சுத்தமாக இருந்தன. உடைந்த பையின் நீர் ஆடுசதைத் தசைகளுக்கு நடுவே வழிந்து கிடந்தது. இரண்டு நாள் கழித்து உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குக் கீழே பிறை வடிவில் ஊதா நிறக் கன்றல் ஒன்று தோன்றியது. மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்கி நிற்கிற இடம் அது. காலை உயர்த்தி வைத்து, ஐஸ் வைத்து, வலி மருந்து கொடுத்ததிலேயே சில வாரங்களில் சரியாகிவிட்டார்.

ஸ்கேன் பார்க்காமல் ரத்த உறைவு என்று ஊகித்து உறைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்திருந்தால், உடைந்த இடத்தில் ரத்தம் கசிந்து ஆடுசதைக்குள் அழுத்தம் ஏறி, காலுக்கே ஆபத்தாகியிருக்கலாம். ‘கட்டிதான் உடைந்திருக்கும்’ என்று ஊகித்து உண்மையான ரத்த உறைவை விட்டுவிட்டால் அது நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். பெரிய கட்டி நாளத்தை அழுத்தி, இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. ஆகவே ஆடுசதை திடீரென்று வீங்கினால், வலித்தால், சிவந்தால் அன்றைக்கே மருத்துவமனை, அன்றைக்கே ஸ்கேன். அதுவரை யாரும் காலைத் தேய்த்து உருவிவிடக் கூடாது, உறைந்த ரத்தம் பெயர்ந்துபோகும் அபாயம் இருக்கிறது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாது. முழங்கால் சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அதுவும் அன்றே பார்க்க வேண்டியது.

முழங்காலைச் சுற்றி வரும் எல்லா வீக்கமும் பேக்கர் கட்டி இல்லை. பின்குழியில் கை வைத்தால் நாடித்துடிப்போடு சேர்ந்து கட்டியும் துடிக்கிறது என்றால் அது தமனி புடைத்திருப்பது. அதில் யாராவது ஊசி வைத்தால் விபரீதம். நீட்டினாலும் மடக்கினாலும் கல்லாக, நாளுக்கு நாள் வளர்கிற கட்டி, அதிலும் இளவயதுக்காரருக்கு என்றால், வலியில்லை என்பதற்காக அலட்சியப்படுத்தக் கூடாது. முழங்காலைச் சுற்றி வரும் சில புற்றுநோய்க் கட்டிகள் நீர்க்கட்டி போலவே மெதுவாக வளர்ந்து ஏமாற்றும். ஸ்கேன் இல்லாமல் எந்தக் கட்டியிலும் ஊசி வைக்கவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இந்த இரண்டுக்காகத்தான்.

வெளிப்பக்க மூட்டு இடுக்கில் பட்டாணி போல ஒரு முடிச்சு, காலைக் கொஞ்சம் மடக்கினால் தெரிந்து முழுக்க மடக்கினால் மறைந்தால், அது கிழிந்த ஜவ்விலிருந்து கசிந்த நீர். அங்கே ஜவ்வைச் சரிசெய்தால்தான் முடிச்சு போகும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், சின்ன எலும்பின் தலையருகே வரும் நீர்க்கட்டி அளவில் சிறியதுதான், ஆனால் பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கே ஓடுகிறது. பாதத்தின் மேற்புறம் மரத்துப்போனாலோ, நடக்கும்போது கால்விரல் தரையில் தட்டினாலோ அதைத் தள்ளிப்போடக் கூடாது, நரம்பு பழுதாகிவிட்டால் திரும்புவது கடினம். மூட்டுக்குள் குறுக்காக ஓடும் சிலுவைத் தசைநாரின் மேலேயே வருகிற கட்டி வெளியே தெரியாது, காலை முழுக்க மடக்கவோ நீட்டவோ விடாது. முன்பக்கம் முழங்கால் சில்லின் மேலேயே, தோலுக்கடியில் தளதளவென்று வரும் வீக்கம், அடிக்கடி மண்டியிட்டு வேலை செய்கிறவர்களுக்கு வருவது, அது மூட்டோடு சம்பந்தமில்லாத தனிப் பை. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மூட்டை ஒட்டிய எலும்புக்குள் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால் அதுவும் பெரும்பாலும் தேய்மானத்தின் அடையாளம்தான், அப்படியானால் தனியாக வைத்தியம் வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்குப் பின்னால் இப்படி வீங்கினால் பெற்றோர் பதறிப்போகிறார்கள். பிள்ளைகளுக்கு மூட்டில் கோளாறு இல்லாமலேயே இது வரும், அல்ட்ராசவுண்டில் நீர்தான் என்று உறுதிசெய்துவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே மறையும். அறுவை வேண்டாம்.

அம்மாவின் விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, மூட்டுக்குள் என்ன கோளாறு, எத்தனை வாரம் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று கேளுங்கள். ஊசி என்று சொன்னால் ஸ்கேன் பார்த்துக்கொண்டு போடுவார்களா, மூட்டுக்குள்ளா கட்டிக்குள்ளா என்றும் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். வேலையை மதிக்கிற மருத்துவர் இப்படிக் கேட்பவரைத்தான் விரும்புவார்.

இன்னும் தெளிவாகச் சொல்ல எனக்குச் சில விவரங்கள் வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் அளவுக்கு மேலேயும் கீழேயும் மூட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகத் தெரிவியுங்கள். அம்மாவைத் தரையில் கால் நீட்டி உட்காரவைத்து, வலது முழங்காலின் பின்பக்கம் இடது காலைப் போல முழுக்கத் தரையில் படிகிறதா, இல்லை அடியில் விரல் நுழைகிற அளவு இடைவெளி நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு தொடையையும் முழங்கால் சில்லிலிருந்து நாலு விரற்கடை மேலே டேப்பால் அளந்து அந்த இரண்டு எண்களையும் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் விறைப்பு எத்தனை நிமிடம், சர்க்கரை உண்டா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும். துண்டுப் பயிற்சியை இந்தப் பதிலுக்காகக் காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.